ஒற்றை ஓட்டு லியோனி

கிர்வானின் மினிபஸ்ஸில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று, அதன் ஹாரன். பிரேக் நினைத்தால் பிடிக்கும், நினைக்காவிட்டால் இல்லை. கதவு ஒரு கயிற்றின் தயவில் நின்றது. ஆனால் ஹாரனை அழுத்தினால் பழைய கார்னிவல் திருவிழாப் பாட்டு ஒன்றின் முதல் வரி கணீரென்று கிளம்பும். ரோட்டோரம் கூடையோடு போகிற பெண்கள்கூட இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் வழி விடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை கிரென்வில் சந்தைத் திருப்பத்தில் அவன் அதை அழுத்தினான். கைப்பெட்டியோடு நின்றிருந்த ஒரு அம்மாள் மட்டும் ஆடவில்லை. யாரோ கன்னத்தில் அறைந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நிறுத்து. நம்ம ஆளு அவங்கதான்," என்றாள் பின் சீட்டிலிருந்து இசலீன் அத்தை.

அம்மாள் ஏறினாள். அறுபதுக்கு மேல் இருக்கும். கோட்டில் புரூக்ளின் வாசனை, காலில் வலிக்கிற புதுச் செருப்பு.

"வாங்க, வாங்க! மிஸஸ் மொடெஸ்ட்தானே? உக்காருங்க. அந்த சீட்டு வேணாம், ஸ்பிரிங் கடிக்கும்," என்றான் கிர்வான்.

"பேரு லியோனி. இப்ப ஹாரன்ல அடிச்சியே தம்பி, அந்தப் பாட்டுல வர்ற லியோனி நான்தான்."

கிர்வானுக்குக் காது வரை சுட்டது. 'ஒற்றை ஓட்டு லியோனி, ஊட்டி வளர்த்த சேவலை வித்தியே நீ!' பள்ளிக்கூடம் போகிற வயதில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பாடிய பாட்டு. லியோனி என்று நிஜமாகவே ஒருத்தி இருப்பாள், அவள் ஒரு நாள் தன் பஸ்ஸில் ஏறுவாள் என்று அவன் கண்டானா? வாய்ச்சவடாலுக்குப் பெயர்போன அவன் ஹாரனிலிருந்து கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

மிஸ் இசலீன் நோயல் போலீஸில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது காணாமல் போன ஆட்டிலிருந்து காணாமல் போன புருஷன் வரை தேடித் தருகிறாள். கிர்வான் அவளுக்கு வண்டிக்காரன், எடுபிடி, வாங்கிக் கட்டிக்கொள்கிறவன், எல்லாம். அவள் பையிலிருந்து ஒரு புளி உருண்டையை எடுத்து லியோனியிடம் நீட்டினாள்.

"வாயில போட்டுட்டு சொல்லுங்க. ஆரம்பத்துலேருந்து."

லியோனி சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முன் பெல் மார்ன் தொகுதியில் அவள் புருஷன் ஆன்செல்ம் மொடெஸ்ட் வாத்தியார் சேவல் கட்சிக்கு நின்றார். விளக்குக் கட்சிக்காரனிடம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். முந்தின நாள்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பெரிய சண்டை. அவளுடைய தையல் சம்பாத்தியத்தை எடுத்து வாத்தியார் ஊருக்கெல்லாம் ரம் வாங்கி ஊற்றிவிட்டார். 'உங்களுக்குப் போடறதுக்கு என் ஆட்டுக்குப் போடுவேன் ஓட்டு!' என்று அவள் கத்தியதைத் தெருவே கேட்டது.

"அது கோபத்துல சொன்னது. மறுநாள் இந்தக் கையாலதான் சேவலுக்குப் போட்டேன். கர்த்தர் சாட்சி. ஆனா கர்த்தரைத் தவிர வேற சாட்சி ஏது? ரகசிய ஓட்டாச்சே! விடிஞ்சா தண்ணிக் குழாயடியில எல்லாப் பொம்பளைங்களும் என்னைப் பாத்துக் காறித் துப்பறாங்க. அவர் வராந்தாவுல நின்னு பாத்துட்டு இருந்தார். 'என் பெண்டாட்டி அப்படிச் செய்ய மாட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். சொல்லலை. ஆறு வயசுப் பொண்ணை விட்டுட்டுப் போயிட்டேன்."

"கமீலை," என்றாள் அத்தை.

"புரூக்ளின்லேருந்து மாசா மாசம் பீப்பாய்ல சாமான் போட்டு அனுப்பினேன். துணி, சோப்பு, பள்ளிக்கூடத்து ஷூ. பீப்பாய்க்குள்ள அம்மாவை வச்சு அனுப்ப முடியலையே! அந்தப் பாவம் என்னோடது, அதை நான் யார் தலையிலயும் கட்டலை." லியோனி புளி உருண்டையை விரல்களுக்குள் நசுக்கினாள். "இப்ப அவ அப்பா நின்ன இடத்துல அவ நிக்கிறா. சனிக்கிழமை பெரிய கூட்டம். ஆசையா வந்தேன். 'மம்மி, மேடைக்கு வராதீங்க, உங்களைப் பாத்தா ஜனங்க அந்தப் பாட்டைத்தான் பாடுவாங்க'ங்கிறா. அவளும் அதைத்தான் நம்பறா. ஞாயித்துக்கிழமை எனக்கு விமானம். அதுக்குள்ள அந்த ஒரு ஓட்டு யாரோடதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. இல்லேன்னா நான் இனிமே இந்த மண்ணை மிதிக்க மாட்டேன்."

"நாலாயிரம் ஓட்டுல ஒரு ஓட்டு! வைக்கோல்போர்ல ஊசியைத் தேடினாலும் குத்தவாவது செய்யும், அத்தை," என்றான் கிர்வான். கொஞ்சம் தெம்பு திரும்பியிருந்தது.

அத்தை பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி 'ச்சூப்' என்றாள். அந்தத் தீவில் அதற்கு 'போடா மடையா' என்று பொருள்.

"ஓட்டை எவன்டா தேடச் சொன்னான்? ஆளைத் தேடு. பெல் மார்ன்ல தோத்தவங்க சரித்திரம் தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன! பேக்கரிக்காரர் பிரெடரிக் பத்தொன்பது ஓட்டுல தோத்துட்டு, மறுபடி எண்ணுங்கன்னு பெட்டி மேலயே உக்காந்துட்டார். நாலு போலீஸ்காரங்க நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க."

"தூக்கினதுல நானும் ஒருத்தி. இடுப்பு இன்னும் வலிக்குது. அதுக்கு முன்னாடி?"

"ஜாதிக்காய்த் தோட்டத்து முதலாளி. நாப்பது ஓட்டு. கோர்ட்டுக்குப் போனார். அவருக்கு அப்புறம் ஒருத்தர் முந்நூறு ஓட்டுல தோத்தும் மூணு தடவை எண்ணச் சொன்னார். மூணாவது தடவை முந்நூத்தி ரெண்டாச்சு."

"பெல் மார்ன்ல தோத்தவன் எவனும் சும்மா வீட்டுக்குப் போனதில்லை. மொடெஸ்ட் வாத்தியார் எத்தனையில தோத்தார்? ஒண்ணு! மறுபடி எண்ணுங்கன்னு கேட்டாரா?"

கிர்வான் கண்ணாடியில் அத்தையைப் பார்த்தான். "கேக்கலை. ஜெயிச்சவன் கையைப் புடிச்சுக் குலுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். பெரிய மனுஷன், பெருந்தன்மைன்னு எங்க பள்ளிக்கூடத்துல கதையாவே சொல்வாங்க."

"ஒரு ஓட்டுல தோத்தவனுக்குப் பெருந்தன்மை எங்கேருந்து வரும்? பயம்தான் வரும். பெட்டியைத் திறந்தா வேற என்னமோ வெளியே வரும்ங்கிற பயம்."

லியோனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிர்வான் கியரைப் போட்டான். பஸ்ஸின் கூரையில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிகள் கடகடவென்று ஆடின. தேர்தல் சீசன் அல்லவா? காலையில் சேவலுக்கும் சாயங்காலம் விளக்குக்கும் ஒரே பஸ்ஸில் பிரசாரம் செய்கிற சமத்துவம் கிர்வானுக்கு உண்டு.

"தாடை என்னடா, பூனை பிராண்டினாப்ல?" என்றாள் அத்தை.

"பெரியப்பா போயிட்டார்ல? அம்மா வீட்டுல ஒரு கண்ணாடி விடாம வெள்ளைத் துணி போட்டு மூடிட்டா. ஒம்பதாம் ராத்திரி ஜெபம் முடியற வரைக்கும் திறக்கக் கூடாதாம். பஸ் கண்ணாடியைப் பாத்துதான் சவரம். அது பின்னாடி வர்ற லாரியைக் காட்டுமே தவிர என் மூஞ்சியை எங்கே காட்டுது?"

லியோனி சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு உடனே வெட்கப்பட்டாள்.

பெல் மார்ன் எல்லையில் முதல் விளக்குக் கம்பத்திலேயே கமீல் சிரித்துக்கொண்டிருந்தாள், கட்சிச் சுவரொட்டியில். அவள் படத்துக்குப் பக்கத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. இளவயது மொடெஸ்ட் வாத்தியார் ஒரு வீட்டுக்குள் நின்று ஒரு இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். 'வீடு வீடாக வந்தவரின் மகள்' என்று கீழே எழுதியிருந்தது.

"நிறுத்து!"

பிரேக் நினைத்தது, பிடித்தது. அத்தை இறங்கிப் போய் சுவரொட்டிக்கு மூக்கை ஒட்டி நின்றாள். அப்புறம் நகத்தால் ஓரத்தைக் கிள்ளி, முழுசாக உரித்துச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, சுவரொட்டி கிழிச்சா அபராதம். நீங்களே எத்தனை பேரைப் புடிச்சிருக்கீங்க!"

"வாயை மூடு. இந்தப் படம் எங்கே எடுத்தது?"

"இது தெரியாதா? கோஸ்மோ தாத்தா வீடு. கை கொடுக்கிறது அவர் மகன் தாடியஸ், ரம் கடைக்காரர். தேர்தல் அன்னிக்குக் காலையில எடுத்தது. வாத்தியார் விரலைப் பாருங்க, மை! விடியக்காலையில முதல் ஓட்டு தன்னோடதைப் போட்டுட்டு வீடு வீடாப் போனார். கோஸ்மோ தாத்தா கதை உங்களுக்குத் தெரியுமே?"

தெரியாதவர்கள் பெல் மார்னில் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிற கதை. கண் தெரியாத கிழவர், எழுந்து நடக்க முடியாதவர், சாகக் கிடக்கிறவர். அன்றைக்கு மத்தியானம் கம்பளியைப் போர்த்தி மகன் காரில் வைத்துக் கொண்டுவர, ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாலையில் கண்ணை மூடினார். சவப்பெட்டியில் விரலில் மையோடு கிடந்தார். 'கோஸ்மோ தாத்தாவே வந்தார், உனக்கென்ன கேடு, எழுந்து வா!' என்று கிர்வானே ஒலிபெருக்கியில் எத்தனை முறை கத்தியிருக்கிறான்!

அத்தை சுவரொட்டியை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். "தாடியஸ் கடைக்கு விடு," என்றாள். குரல் மாறியிருந்தது.

முச்சந்தியில் இருந்தது ரம் கடை. கோஸ்மோ தாத்தா வீட்டின் முன்னறையையே கடையாக்கியிருந்தார்கள். லியோனி இறங்க மாட்டேன் என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தாடியஸ் எத்தியென் ஒரு தட்டில் உப்புமீனும் வறுத்த ரொட்டியும் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, வழுக்கை, சாந்தமான கண்.

"சார்ஜெண்ட்! வாங்க. கிர்வான், காலையிலேயே குடிச்சா வண்டி என்னத்துக்கு ஆகும்?"

"வண்டி எப்படியும் ஆகாது, அண்ணே. ஒரு சின்னது ஊத்துங்க."

அத்தைக்கு மரப்பட்டையில் காய்ச்சிய மாபி பானம் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்க அப்பா கதையைச் சொல்லுங்க, தாடியஸ். உங்க வாயால கேட்டதில்லை," என்றாள்.

அவர் சொன்னார், பிள்ளைகள் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி, ஒரு இடத்திலும் தடுக்காமல். சொல்லும்போதே காய்ந்த டம்ளர் ஒன்றைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. பாட்டில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த பெரிய நிலைக்கண்ணாடியைப் பார்த்தாள். மஹோகனிச் சட்டம். உச்சியில் மரத்திலேயே செதுக்கிய இரண்டு புறாக்கள், மூக்கோடு மூக்கு வைத்து.

"அழகான கண்ணாடி. எப்பவும் இங்கதான் இருந்ததா?"

"எங்க தாத்தா செஞ்சது. சுவத்தோட அடிச்சது. அசைக்கவே முடியாது."

"கிர்வான், இந்தப் படத்துல வாத்தியாருக்குப் பின்னாடி என்னடா தெரியுது?"

அவன் சுவரொட்டியைப் பார்த்தான். "திரைச்சீலை. வெள்ளைத் திரை."

"திரைக்கு மேல?"

"ரெண்டு..." கிர்வானின் கை அவனை அறியாமல் தாடையில் இருந்த வெட்டுக்காயத்துக்குப் போயிற்று. "ரெண்டு புறா."

"ஆக அது திரை இல்லை. இந்தக் கண்ணாடி. துணி போட்டு மூடியிருக்கு. நம்ம ஊர்ல எப்படா கண்ணாடியை மூடுவோம்?"

சாவு விழுந்த வீட்டில்தான் மூடுவார்கள், போகிற உயிர் கண்ணாடிக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

"காலையிலயே கண்ணாடியை மூடிட்டீங்க, தாடியஸ். மத்தியானம் ஓட்டுப் போட வந்தது யாரு?"

டம்ளர் உடையவில்லை. தாடியஸ் அதை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாதான் வந்தார்," என்றார். "அப்பாவேதான். வேற யாரையும் நான் கூட்டிட்டுப் போகலை."

கிர்வான் ரம் டம்ளரை டக்கென்று கீழே வைத்தான். "அண்ணே! பொணத்தையா?"

"விடியறப்போ போயிட்டார். தொப்பியை மாட்டி, கம்பளியைச் சுத்தி, பின் சீட்டுல நானே சாய்ச்சு வச்சேன். பள்ளிக்கூட வாசல்ல நல்ல மழை. அதிகாரி மை பாட்டிலோட கார்கிட்ட ஓடி வந்தார். விரலைத் தொட்டுட்டு, 'கை சில்லுன்னு இருக்கே'ன்னார். 'குளிர் ஜுரம் சார், கிட்டப் போகாதீங்க, ஒட்டிக்கும்'னேன். மையைத் தொட்டு வச்சுட்டு ஓடியே போயிட்டார். கண் தெரியாதவங்களுக்கு வீட்டு ஆளு குத்திக் கொடுக்கலாம்ல? சீட்டை வாங்கிட்டு நான் உள்ளே போனேன்."

"கண்ணாடியை யாரு மூடினது?"

"அம்மா. 'சாயங்காலம் வரைக்கும் சாவை வெளியே சொல்லாதே, கண்ணாடியைத் திற'ன்னு கெஞ்சினேன். 'கவர்மெண்ட்டை ஏமாத்தறது உன் பாடு. போன மனுஷனை ஏமாத்த நான் விட மாட்டேன்'னுட்டா."

"யாருக்குப் போட்டீங்க?"

தாடியஸ் நிமிர்ந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. "சேவலுக்குப் போடத்தான் போனேன். நான் சேவல்காரன். பென்சிலைச் சேவல் கிட்டக் கொண்டு போனேன், கை போகலை, சார்ஜெண்ட். அப்பா சாகிற வரைக்கும் விளக்குக்காரர். எனக்கும் அவருக்கும் அதுலதான் தினம் சண்டை. செத்தவரைத் தூங்க விடாம இழுத்துட்டு வந்தது ஒரு பாவம். அவர் ஓட்டையும் திருடினா எந்த நரகத்துல எனக்கு இடம் கிடைக்கும்? அவர் பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருந்துச்சு. விளக்குக்குக் குத்திட்டு வந்துட்டேன். வாத்தியார் எப்படியும் நூறு ஓட்டுல ஜெயிப்பார்னுதானே நினைச்சேன்! ஒண்ணே ஒண்ணுல போகும்னு யாரு கண்டா?"

வெளியே பஸ்ஸின் ஜன்னலில் லியோனியின் வெள்ளைத் தலை தெரிந்தது. தாடியஸ் அதைப் பார்த்துவிட்டு, அடி விழப்போகிறவர் மாதிரித் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"மிஸ் லியோனி பெட்டியோட பஸ்ஸுக்கு நின்னதை இந்த முன்னறை ஜன்னல்லேருந்துதான் பாத்தேன். ஓடிப் போய்ச் சொல்லியிருக்கணும். காலு வரலை. அந்தப் பாட்டு வந்தப்புறம் ஒவ்வொரு கார்னிவலுக்கும் கடையை மூடிட்டு உள்ளே போய்ப் படுத்துக்குவேன்."

"பாவம் வாத்தியார்," என்றான் கிர்வான். "இது எதுவுமே தெரியாம முப்பது வருஷமா பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுட்டு..."

தாடியஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அத்தை சுவரொட்டியை மறுபடியும் அவன் முன்னால் நகர்த்தினாள்.

"நல்லாப் பாருடா. மூடின கண்ணாடிக்கு முன்னாடி நிக்கிறது யாரு?"

கிர்வான் பார்த்தான். வாத்தியார் மையிட்ட விரலோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, வெள்ளைத் துணி. பெல் மார்னில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு அது என்ன துணி என்று தெரியாதா?

"படம் புடிச்சவன் டவுன்காரன், வாசல்லயே எடுத்துட்டுப் போயிட்டான்," என்றார் தாடியஸ், தரையைப் பார்த்தபடி. "திரும்பினப்புறம்தான் வாத்தியார் துணியைப் பாத்தார். அப்பா கட்டில்கிட்டப் போய் முட்டி போட்டு ஜெபம் பண்ணினார். அழுதார்கூட. எழுந்திரிச்சப்புறம் என் தோள்ல கை வச்சு, 'தாடியஸ், உங்க அப்பா பேரு இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பட்டியல்ல இருக்குடா'ன்னார். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். கடல்ல குதின்னா குதிப்பேன்."

"அப்போ நீங்க விளக்குக்குப் போட்டதும் அவருக்குத் தெரியுமா?" என்றாள் அத்தை.

"அதையும் புதைகுழிகிட்டவே சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டார். ஒண்ணும் பேசலை. மிஸ் லியோனி ஊரை விட்டுப் போனது அதுக்கு மறுநாள்."

கிர்வான் காசை வைத்துவிட்டு வெளியே வந்தான். ரம் கசந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு ஹாரன் கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பு. அது கையோடு வந்தது. லியோனி என்ன ஏது என்று கேட்கவில்லை. தாடியஸ் வாசல்வரை வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்து நின்றார். அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

லியோனி அழவில்லை. "வாத்தியார் வீட்டுக்கு விடு, தம்பி," என்றாள்.

மொடெஸ்ட் வாத்தியார் வராந்தாவில் கொக்கோத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு மாதமாக வாத்தியாருக்கு முட்டிவலி, கேட்டைத் தாண்டுவதில்லை என்று ஊரில் பேச்சு. அத்தை சுவரொட்டியை அவர் மடியில் விரித்தாள். அவர் உடனே அதைக் கவிழ்த்துப் போட்டார்.

"முட்டிவலி இல்லை, இல்லையா? கம்பத்துக்குக் கம்பம் இந்தப் படம். அதான் ரோட்டுக்கு வர முடியலை," என்றாள் அத்தை. "கமீல் படத்தைக் கேட்டப்போ வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"என்ன காரணம் சொல்றது?" என்றார் அவர். குரல் இன்னும் வகுப்பறைக் குரல்தான், உள்ளேதான் ஒன்றும் இல்லை. "ஆல்பத்துலேருந்து அவளே எடுத்தா. 'டாடி, எவ்வளவு நல்ல படம்'னா. அன்னிக்கே யாராவது பாத்துடுவாங்கன்னு காத்துட்டு இருந்தேன். பாத்தா பயம். பாக்கலேன்னா அதைவிடப் பயம். முப்பது வருஷத்துல ஒருத்தராவது 'ஏன் மறுபடி எண்ணச் சொல்லலே'ன்னு என்னைக் கேட்டதில்லை, சார்ஜெண்ட். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"பொய்," என்றது ஒரு குரல்.

லியோனி படியேறி வந்திருந்தாள். வாத்தியார் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி நிஜமாகவே விட்டுவிட்டது.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க. நான் கேட்டேனே! குழாயடியிலேருந்து வந்து, 'நீங்களாவது என்னை நம்பறீங்களா'ன்னு இதே வராந்தாவுல கேட்டேன். சுவத்தைப் பாத்தீங்க."

"நம்பினேன், லியோனி. அதான் கொடுமை. ஒரு நிமிஷம்கூட உன்னைச் சந்தேகப்படலை. நீ குத்தவாளி இல்லைன்னு சொன்னா யாரு குத்தவாளின்னு கேப்பாங்க. ஜெயிலுக்குப் பயந்தேன். அதைவிட, பிள்ளைங்க முன்னாடி வாத்தியாரா நிக்க முடியாதேன்னு பயந்தேன். ஒரு மாசம் போகட்டும்னு நினைச்சேன். பாட்டு வந்துடுச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுட்டு உனக்கு எழுதறது?"

"சந்தேகப்பட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்," என்றாள் லியோனி. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இப்ப வாயைத் திறந்தா கமீல் தோத்துடுவா. அவ என்ன பாவம் பண்ணினா?"

"நான் என்ன பாவம் பண்ணினேன்?"

கிர்வான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்," என்றார் வாத்தியார்.

லியோனி கேட்டுக்கு வெளியே நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் நாலு திசைக்கும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன.

"அந்தப் பாட்டு எந்தெந்த ரோட்டுல போச்சோ அந்தந்த ரோட்டுல எல்லாம் நீங்களும் போகணும்," என்றாள்.

அப்படியாக, பெல் மார்ன் தொகுதியின் தேர்தல் சரித்திரத்தில் யாரும் பார்த்திராத ஒரு பிரசாரம் அன்று கிளம்பியது. முன் சீட்டில் லியோனி. பின் சீட்டில், ஸ்பிரிங் கடிக்கிற இடத்தில், மைக்கோடு வாத்தியார். எழுந்து மாறிக்கொள்ளுங்கள் என்று கிர்வான் சொல்லவில்லை.

"பெல் மார்ன் ஜனங்களே, நான் ஆன்செல்ம் மொடெஸ்ட் பேசறேன். உங்களுக்கெல்லாம் பாடம் சொன்னவன். கோஸ்மோ எத்தியென் செத்தப்புறம் அவர் பேர்ல ஓட்டுப் போடச் சொன்னது நான். அந்த ஓட்டுலதான் நான் தோத்தேன். லியோனி எனக்குத்தான் ஓட்டுப் போட்டா. அவ போட்டான்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலை. குத்தம் என்னோடது. அவளோடது இல்லை."

தேவாலயத் தெருவில் துணி காயப்போட்டவர்கள் கிளிப்பைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கொக்கோ உலர்த்துகிற மேடையில் காலால் கொட்டைகளைக் கிளறி நடந்த ஒருவன் அப்படியே நின்றுவிட்டான். மீன் இறக்குகிற துறையில் யாரோ 'வெட்கங்கெட்ட கிழவா!' என்று கத்தினார்கள். வாத்தியார் நிறுத்தாமல் முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். ரம் கடைக்கு முன்னால் பஸ் மெதுவாகப் போனபோது தாடியஸ் ஓடி வந்து, "மைக்கை இங்கே கொடுங்க, வாத்தியாரே," என்று வாங்கி, தன் பங்கையும் சொன்னார். இதே ஒலிபெருக்கியில், இதே ரோட்டில், கோஸ்மோ தாத்தா கதையைக் கிர்வான் எத்தனை ரசமாகச் சொல்லியிருக்கிறான்!

கட்சி அலுவலகத்துக்கு முன்னால் கமீல் நின்றுகொண்டிருந்தாள். ஒலி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கையில் ஒட்டுவதற்கு எடுத்து வைத்த சுவரொட்டிக் கட்டு.

"டாடி," என்றாள். "என்னைக் கொன்னுட்டீங்க."

"ஆமாம்மா," என்றார் வாத்தியார்.

அவள் அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பஸ்ஸைச் சுற்றி முன் ஜன்னலுக்கு வந்தாள். சுவரொட்டிக் கட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"மம்மி, மேடைக்கு வராதீங்கன்னு சொல்லிட்டேனே... சனிக்கிழமை வருவீங்களா?"

"மேடைன்னு ஒண்ணு இருக்குமா?"

"தெரியலை. கட்சி என்னைத் தூக்கினாலும் தூக்கும். இருந்தா வாங்க. இல்லேன்னாலும் வீட்டுக்கு வாங்க."

"கவலைப்படாதீங்க மிஸ் கமீல்," என்றான் கிர்வான், தாங்க முடியாமல். "இந்தத் தடவை ஒரு ஓட்டுப் பிரச்சினையே வராது. தோத்தா ஆயிரத்துல தோப்போம்."

அத்தை 'ச்சூப்' என்றாள். ஆனால் கமீலுக்கு அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. கதவுக் கயிற்றை அவிழ்த்து ஏறி, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஹாரனை அடி, தம்பி," என்றாள் லியோனி.

"மிஸ், அதுல... அந்தப் பாட்டு ஒண்ணுதான் வரும்."

"தெரியும். அடி."

கிர்வான் குனிந்து, பிய்த்த கம்பியைத் தேடி, விரலால் முறுக்கிச் சேர்த்தான். அழுத்தினான். பாட்டின் முதல் வரி கணீரென்று கிளம்பியது. ரோட்டோரம் வாழைக்காய்க் கூடையோடு போன ஒருத்தி, தண்ணிக் குழாயடிக் காலத்து ஆள், பழக்க தோஷத்தில் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினாள். ஆட்டியவள் முன் சீட்டில் யார் என்று பார்த்துவிட்டு அப்படியே சிலையாக நின்றாள்.

லியோனி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏன்டி நிறுத்திட்டே? முப்பது வருஷம் ஆடினவதானே, ஆடு. இன்னிக்கு நான் இங்கே உக்காந்து பாக்கறேன்."